ஊரார் காக்கும் நிலம்

'புறம்போக்கு' என்று தமிழில் ஒரு சொல் உண்டு. ஒருவரை இழித்துப் பேச இந்நாளில் அச்சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். அதன் உண்மைப் பொருளோ வேறு. உழுது பயிரிட்டு வரி செலுத்தும் நிலம் ஒருபுறம் இருக்க, வரிக்குப் புறம்பாக, ஊர் முழுவதற்கும் பொதுவாக விடப்பட்ட நிலமே புறம்போக்கு. ஏரியும் அதன் கரையும் ஏரிப் புறம்போக்கு. ஆடுமாடுகள் மேயும் வெளி மேய்க்கால் புறம்போக்கு. வண்டிப்பாதை, வாய்க்கால், களம், மந்தைவெளி, சுடுகாடு ஆகியவையும் இவ்வகையைச் சேர்ந்தவையே. ஒருவருக்கும் தனியுரிமை இல்லாததால் எல்லாரும் சேர்ந்து காக்க வேண்டிய நிலம் அது என்பது பழைய எண்ணம். ஒருவருக்கும் தனியுரிமை இல்லாததால் யார் வேண்டுமானாலும் வளைத்துக்கொள்ளலாம் என்பது பின்னர் வந்த எண்ணம். இவ்விரண்டு எண்ணங்களின் போராட்டமே நம் பொது நிலங்களின் வரலாறு.

மாணவ நண்பர்களே! ஒரு நிலத்தைக் காப்பு நிலம் என்று அரசு அறிவிக்கலாம். எல்லைக்கல் நடலாம், அறிவிப்புப் பலகை வைக்கலாம், காவலர் ஒருவரை அமர்த்தலாம். இவ்வளவும் செய்துவிட்டால் நிலம் காக்கப்பட்டுவிடுமா? வரத்துக்கால் தூர்ந்து போனதை முதலில் காண்பவர் யார்? நள்ளிரவில் கடற்கரையில் நடப்பதை அறிபவர் யார்? வேலிக்கு அப்பால் வாழும் மக்களுக்கு அந்த நிலத்தில் அக்கறை இல்லையானால் வேலியால் விளையும் பயன் என்ன? இக்கேள்விகளுக்கு விடை தேட நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. செங்கற்பட்டுச் சீமையே போதும். அதன் மேற்கே ஏரிகள் நிறைந்த மருதநிலம். கிழக்கே மாமல்லபுரத்தை நடுவே கொண்ட நெய்தல்நிலம். இரண்டிலும் மக்கள் தாமாக முன்வந்து நிலத்தைக் காத்த வரலாறு உண்டு.

முதலில் ஏரிக்கரைக்குச் செல்வோம். மதுராந்தகத்திற்கு அருகே வேடந்தாங்கல் என்னும் சிற்றூர் இருக்கிறது. தாங்கல் என்பது சிறிய ஏரியைக் குறிக்கும் சொல். தொண்டை நாட்டில் அச்சொல்லில் முடியும் ஊர்கள் பல. வேடர்கள் வேட்டையாடிய இடம் ஆதலால் இப்பெயர் வந்தது என்பர். வேட்டைக்குப் பெயர் பெற்ற அந்த ஊரே இன்று பறவைகளின் புகலிடமாக உலகம் அறிய விளங்குகிறது. அங்குள்ள ஏரியின் பரப்பு ஏறக்குறைய 30 ஹெக்டேர், அதாவது எழுபத்தைந்து ஏக்கருக்கும் சற்றுக் குறைவு. தமிழ்நாட்டின் பெரிய ஏரிகளோடு ஒப்பிட்டால் இது ஒரு குட்டை என்றே சொல்லலாம். ஆயினும் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிறைந்ததும் நீரில் நிற்கும் கடப்ப மரங்களிலும் கருவேல மரங்களிலும் ஆயிரக்கணக்கான பறவைகள் வந்து கூடு கட்டத் தொடங்குகின்றன. நத்தைக்குத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகம், பாம்புத்தாரா, வக்கா எனப் பல இனங்கள் ஒரே மரத்தில் அடுக்கடுக்காய்க் குடியேறுகின்றன. பங்குனி, சித்திரையில் குஞ்சுகள் பறக்கக் கற்றதும் ஏரி மீண்டும் அமைதி அடைகிறது.

இப்பறவைகள் எல்லாம் வெளிநாடுகளிலிருந்து வருவன என்று பலர் எண்ணுகின்றனர். அது முற்றும் சரியன்று. இங்கே கூடு கட்டி முட்டையிடுவன பெரும்பாலும் நம் நாட்டுப் பறவைகளே. ஊசிவால் வாத்து, கிளுவை போன்றவை வடக்கே குளிர் மிகுந்த நாடுகளிலிருந்து பனிக்காலத்தைக் கழிக்க வருகின்றன. அவை இங்கே கூடு கட்டுவதில்லை. ஆகவே வேடந்தாங்கல் சிலவற்றிற்கு விருந்தகம், பலவற்றிற்குத் தாய்வீடு.

இந்தத் தாய்வீட்டைக் காத்தவர் யார்? ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் வெள்ளைச் சிப்பாய்கள் அங்கு வந்து பறவைகளைச் சுட்டார்கள் என்றும், ஊரார் பொறுக்கமாட்டாமல் கலெக்டரிடம் சென்று முறையிட்டார்கள் என்றும் சொல்லப்படுகிறது. அக்காலத்தில் செங்கற்பட்டு ஜாகீரின் கலெக்டராக இருந்தவர் லயனல் பிளேஸ் என்பவர். 1780-இல் ஐதர் அலியின் படையெடுப்பால் பாழ்பட்டுக் கிடந்த ஏரிகளைச் சீர்செய்வதில் ஊக்கம் காட்டியவர் அவர். மதுராந்தகத்து ஏரிகாத்த இராமர் கோயிலைப் பற்றிய கதையிலும் அவர் பெயர் வருகிறது. அவருடைய காலத்தில், 1798-இல், வேடந்தாங்கல் மக்கள் பறவைகளைக் காக்கும் உரிமையைப் பெற்றனர். எவரும் அங்கே பறவைகளைச் சுடவோ பிடிக்கவோ கூடாது என்னும் அந்த உரிமை 1858-இல் மீண்டும் உறுதி செய்யப்பட்டது. 1936-இல் அரசு அந்த ஏரியைப் பறவைகளின் சரணாலயமாக ஏற்றது; 1962-இல் வனச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்தது; வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 1998-இல் அறிவித்தது. 2022-இல் ராம்சர் உடன்படிக்கையின் கீழ் உலகச் சிறப்புடைய நீர்நிலைகளுள் ஒன்றாக அது இடம்பெற்றது.

இந்த ஆண்டுகளை வரிசையாக எண்ணிப் பாருங்கள். அமெரிக்காவில் எல்லோஸ்டோன் என்னும் தேசியப் பூங்கா அமைந்தது 1872-இல். இங்கிலாந்தில் அழகிய நிலங்களையும் பழைய இடங்களையும் காப்பதற்கென்று தேசிய அறக்கட்டளை தோன்றியது 1895-இல். இவ்விரண்டுக்கும் முன்னரே செங்கற்பட்டுச் சீமையின் சிற்றூர் ஒன்று, 'இது எங்கள் பறவைகளின் இடம்' என்று சொல்லி அரசிடம் எழுத்து வாங்கிவிட்டது. இங்கே சட்டம் முன்னே வந்து மக்கள் பின்னே செல்லவில்லை. மக்கள் முன்னே நடந்தார்கள். சட்டம் பின்னே வந்தது.

ஏன் இவ்வளவு அக்கறை? இரக்கம் ஒரு காரணம்; ஆனால் இரக்கம் மட்டும் இருநூறு ஆண்டுகள் நீடிக்காது. உழவர்கள் ஓர் உண்மையைக் கண்டிருந்தார்கள். பகல் முழுவதும் சுற்றுவட்டாரத்து வயல்களிலும் நீர்நிலைகளிலும் மீனும் நத்தையும் தின்ற பறவைகள் மாலையில் ஏரிக்குத் திரும்புகின்றன. அவற்றின் எச்சம் நீரில் விழுகிறது. அதிலுள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும் நீரில் கரைகின்றன. மதகைத் திறந்தால் வயலுக்குப் பாய்வது நீர் மட்டுமன்று. எருவும் சேர்ந்த நீர். பல காதச் சுற்றளவில் சிதறிக் கிடக்கும் சத்தைப் பறவைகள் கூலியின்றித் திரட்டிக் கொண்டுவந்து ஓரிடத்தில் சேர்க்கின்றன. அந்தப் பயிர் செழிப்பதை உழவன் கண்ணாலேயே கண்டான். ஆகவே பறவைக்குக் காவல் நின்றான். தீபாவளி நாளில்கூட ஊரார் வெடி வெடிப்பதில்லை. கூடு கட்டும் பருவத்தின் தொடக்கத்தில் அல்லவா தீபாவளி வருகிறது? வெடியோசை கேட்டால் பறவைகள் கூட்டை விட்டுக் கலையும். ஊர்க் குழந்தைகள் தம் மகிழ்ச்சியில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் விட்டுக்கொடுத்து வருகிறார்கள் என்பதை நாம் மறக்கலாகாது. ஆணைக்கு அஞ்சிச் செய்யும் காரியம் அன்று அது, வழக்கமாகிவிட்ட ஈகை.

இங்கே நாம் கற்கும் முதற் பாடம் இதுதான்: நிலத்தைக் காப்பவனுக்கும் நிலத்துக்கும் கொடுக்கல் வாங்கல் இருக்க வேண்டும். நிலத்தால் ஊருக்கு நன்மை; ஊரால் நிலத்துக்குக் காவல். இந்தத் தொடர்பை அறுத்துவிட்டு, 'இனி இந்த இடம் அரசுடையது, நீங்கள் விலகி நில்லுங்கள்' என்று சொன்னால், நாளடைவில் காவலுக்கு ஆள் கிடைக்காது.

வேடந்தாங்கல் மற்றொரு பாடத்தையும் புகட்டுகிறது. பறவைகள் தங்கும் ஏரி சிறியது. அவை இரை தேடும் நிலம் பெரியது. ஏரியிலே வீடு, ஊரெங்கும் அடுப்படி என்று சொல்லலாம். மதுராந்தகம் ஏரியும், ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள கரிக்கிலி ஏரிகளும், சுற்றியுள்ள எண்ணற்ற தாங்கல்களும், நீர் நின்ற நெல்வயல்களும் இல்லையானால் வேடந்தாங்கலில் குஞ்சுகளுக்கு உணவு கிடையாது. மழை பொய்த்து ஏரிகள் வறண்ட ஆண்டுகளில் பறவைகள் கூடு கட்டாமல் வேறிடம் நாடுகின்றன. இதனால்தான் ஏரியை மட்டுமின்றி அதனைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வட்டத்தையும் சரணாலய எல்லைக்குள் வைத்தார்கள். 2020-இல் அந்த எல்லையை மூன்று கிலோமீட்டராகச் சுருக்கலாம் என்ற யோசனை எழுந்தபோது நாடெங்கும் பலத்த எதிர்ப்புக் கிளம்பியது. இரண்டு கிலோமீட்டர் என்பது வரைபடத்தில் ஒரு விரற்கடை. பறவைக்கோ அது குஞ்சுக்கு இரை கொண்டுவரும் வழி.

ஏரிகளைக் காப்பது என்றால் என்ன? அதனைச் சற்று விரிவாகக் காண்போம். கரையில் எலி வளையோ மரவேரோ துளையிட்டிருந்தால் அடைக்க வேண்டும். மதகும் தூம்பும் பழுதின்றி இயங்க வேண்டும். மிகுந்த நீர் வழியும் கலங்கலில் அடைப்பு இருத்தல் ஆகாது. மேட்டிலிருந்து நீர் கொணரும் வரத்துக்கால் தூர்ந்துபோகாமல் இருக்க வேண்டும். படிந்த வண்டலை அவ்வப்போது அள்ளி வயலுக்கு எடுத்துச்செல்ல வேண்டும். இவற்றுள் ஒன்றும் பெரிய வேலை அன்று. ஆனால் ஒன்றையும் ஓராண்டு தள்ளிப்போட முடியாது. சிறிய துளை ஒன்று ஓர் இரவுப் பெருமழையில் கரையையே கொண்டுபோய்விடும்.

இத்தகைய வேலைக்கு நம் முன்னோர் ஓர் ஒழுங்கு வைத்திருந்தார்கள். பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த உத்தரமேரூரில் முதற் பராந்தக சோழனுடைய கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவை கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை வழியாகத் தெரிந்தெடுக்கும் முறையை அவை விளக்குகின்றன. அவ்வாரியங்களுள் ஒன்று ஏரி வாரியம். அதற்கு ஆறு பேர். பதவிக் காலம் 360 நாள். வயது முப்பத்தைந்துக்குக் குறையாமலும் எழுபதுக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். இவற்றையெல்லாம்விட நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது வேறொரு விதி. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மீண்டும் தெரிந்தெடுக்கப்படும் தகுதியை இழக்கிறார். அவருடைய நெருங்கிய உறவினரும் அத்தகுதியை இழக்கின்றனர்! பொதுப்பணி என்பது நல்லெண்ணத்தால் மட்டும் நடப்பதன்று, கணக்காலும் நடப்பது என்பதை அவர்கள் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தனர். அந்தச் சபையில் இடம் பெற நிலமும் வீடும் வேதக் கல்வியும் வேண்டும் என்று இருந்ததையும் மறைக்க வேண்டியதில்லை. ஏரியில் மண் சுமந்த எல்லாருக்கும் சபையில் இடம் இல்லை. முன்னோரிடம் கொள்ள வேண்டியதைக் கொண்டு, தள்ள வேண்டியதைத் தள்ளுவதே அறிவுடைமை.

பிற்காலத்தில் இப்பணி குடிமராமத்து என்று பெயர் பெற்றது. கோடையில் வீட்டுக்கு ஓர் ஆளாக வந்து வாய்க்கால் வெட்டிக் கரையை உயர்த்துவர். ஆங்கிலேயர் 1858-இல் இதனைக் கட்டாய உழைப்புச் சட்டமாக ஆக்கினர். விரும்பிச் செய்த வேலை கட்டளையால் செய்யும் வேலையாயிற்று. ஏரியின் மேல் ஊருக்கு இருந்த அதிகாரம் மெல்ல மெல்லத் துறைகளுக்குச் சென்றது. அதிகாரம் போன பின் கடமை மட்டும் தங்குமா? தங்கவில்லை. கிணறும் எந்திரப் பம்பும் பெருகியபோது ஏரியை நம்ப வேண்டிய தேவையும் குறைந்தது. 2017-இல் தமிழக அரசு குடிமராமத்து என்னும் பழைய பெயரிலேயே ஏரிகளைச் சீராக்கும் திட்டத்தைத் தொடங்கியது. பெயரை மீட்பது எளிது. அப்பெயருக்குள் இருந்த உறவை மீட்பதே அரிது. பணத்தை அரசு தரலாம். 'இது எங்கள் ஏரி' என்னும் எண்ணத்தை ஊர்தான் தர வேண்டும்.

இனி ஏரிகளை விட்டுக் கிழக்கே கடற்கரைக்கு வருவோம். சென்னையின் தென்பகுதியிலிருந்து கோவளம், மாமல்லபுரம் வழியாகத் தெற்கே நீளும் கரையில் முன்பு மணல்மேடுகள் தொடர்ந்து இருந்தன. வெறும் மணல்தானே என்று நாம் எண்ணுகிறோம். அந்த மணல் மழைநீரை உறிஞ்சிச் சேர்த்து வைக்கிறது. கடலுக்கு மிக அருகிலும் கிணற்றில் நல்ல நீர் கிடைப்பது அதனால்தான். கடல் சீறும்போது முதலில் எதிர்த்து நிற்பதும் அம்மேடுதான். அந்த மணலைப் பிடித்து நிறுத்துபவை அடப்பங்கொடியும் இராவணன் மீசை என்னும் புல்லும். சங்கப் புலவர்கள் அடும்பு என்று பாடியது இந்த அடப்பங்கொடியையே. குதிரையின் குளம்பு போன்ற இலையும் செங்கருநீல மலரும் உடைய அக்கொடியைக் களை என்று கருதிப் பிடுங்கிவிட்டால் மணல் காற்றோடு போகும், மேடு கரையும், பின்னர்க் கல்லும் சிமெண்டும் கொண்டு சுவர் எழுப்ப வேண்டி வரும்.

இக்கரைக்குத் தை மாதம் முதல் பங்குனி வரை விருந்தாளி ஒருத்தி வருகிறாள். மீனவர்கள் அவளைப் பங்குனி ஆமை என்பர். பெண்ணாமை இரவில் கரையேறி, ஏறக்குறைய ஒன்றரை அடி ஆழம் மணலைத் தோண்டி, நூறுக்கு மேற்பட்ட முட்டைகளை இட்டு, மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடுகிறது. ஏழெட்டு வாரம் மணலின் சூடே முட்டைகளை அடைகாக்கிறது. அச்சூடு மிகுந்தால் பெண் குஞ்சுகள் மிகுதியாகவும், குறைந்தால் ஆண் குஞ்சுகள் மிகுதியாகவும் பிறக்கின்றன. வெளிவந்த குஞ்சு வெளிச்சம் தெரியும் திசையை நாடி ஓடும். இயற்கையில் அந்த வெளிச்சம் கடலின் மேல் தெரியும் வானொளி. இன்றோ கரையோரச் சாலை விளக்கும் மாளிகை விளக்கும் அதனினும் ஒளி மிகுந்தவை. ஆகவே குஞ்சுகள் கடலை விட்டுச் சாலையை நோக்கிச் செல்கின்றன. நாய்க்கும் காக்கைக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் இரையாகின்றன.

1970-களின் தொடக்கத்தில் சென்னைப் பாம்புப் பண்ணையைச் சேர்ந்த ரோமுலஸ் விட்டேக்கரும் அவருடைய தோழர்களும் இரவில் இக்கரையில் நடந்து, முட்டைகளைத் தேடி எடுத்துக் காவலான இடத்தில் பொரிக்க வைத்தார்கள். பின்னர் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையமும் வனத்துறையும் சில ஆண்டுகள் அப்பணியை நடத்தின. 1988-இல் கல்லூரி மாணவர்கள் அதனைத் தம் தோளில் ஏற்றார்கள். மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழு அவ்வாறு பிறந்தது. அன்று முதல் பருவந்தோறும் நீலாங்கரை முதல் பெசன்ட் நகர் வரை இளைஞர்கள் இரவு நடை நடந்து வருகிறார்கள். தொடங்கிய மாணவர்கள் இன்று நரை கண்டுவிட்டார்கள்; நடை நிற்கவில்லை. ஒவ்வோர் ஆண்டும் புதியவர்கள் வருகிறார்கள். 2002-இல் தொடங்கிய ட்ரீ பவுண்டேஷன் மீனவ இளைஞர்களையே கடலாமைக் காவலர்களாகப் பயிற்றியது. கரையில் பிறந்து வளர்ந்தவனுக்கு ஆமையின் தடத்தைக் காட்டித்தர வேண்டுமா? அவனே பிறருக்குக் காட்டித்தர வல்லவன்.

இந்த வேலையின் நுட்பத்தையும் நீங்கள் அறிய வேண்டும். முட்டையை இட்ட சில மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். காலம் தாழ்த்தி அசைத்தால் உள்ளே வளரும் கரு அழியும். எடுத்த முட்டையை அதே ஆழத்தில், தாய் தோண்டிய வடிவிலேயே குழி தோண்டிப் புதைக்க வேண்டும். கரையேறும் ஆமையின் முன் விளக்குக் காட்டக் கூடாது. காட்டினால் முட்டையிடாமலே திரும்பிவிடும். எந்த நாள், எந்த இடம், எத்தனை முட்டை, எத்தனை குஞ்சு என்று குறித்து வைக்க வேண்டும். இவையெல்லாம் வனத்துறையின் அனுமதியோடு நடைபெற வேண்டும். ஆமையும் அதன் முட்டையும் சட்டத்தின் காவலில் உள்ளவை. ஆகவே ஆர்வம் உள்ளவன் முதலில் செய்ய வேண்டியது கற்றல், அடுத்தது பொறுத்திருத்தல்.

தொண்டர்களால் ஆகாத காரியமும் உண்டு. 2025 சனவரியில் சென்னை முதல் தெற்கே நீளும் இக்கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கின. ஆமை நீரில் வாழ்ந்தாலும் மூச்சு விட மேலே வர வேண்டிய உயிர். இழுவலையில் சிக்கினால் மூச்சுத் திணறி இறக்கும். கரையில் விடிய விடிய நடந்து முட்டைகளைக் காப்பாற்றிய இளைஞர் காலையில் தாய் ஆமைகளின் உடல்களைக் கண்டால் அவர் மனம் என்ன பாடுபடும்! வலையில் ஆமை தப்பும் வழியை வைக்கச் செய்வதும், கரையை ஒட்டி இழுவலை இழுப்பதைத் தடுப்பதும் அரசின் கடமை. அதனால் மீனவருக்கு நேரும் இழப்பை எண்ணிப் பார்ப்பதும் அரசின் கடமையே. தொண்டர் படை இருக்கிறது என்பதால் அரசு கைகட்டி நிற்கலாகாது. அரசு இருக்கிறது என்பதால் ஊர் கண்ணை மூடிக்கொள்ளலும் ஆகாது.

மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில் மற்றொரு சான்று உள்ளது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, பாம்பைப் பிடித்துத் தோலை விற்று வாழ்ந்த இருளர் மக்களின் பிழைப்பு நின்றது. சட்டம் பாம்பைக் காத்தது. பாம்பை நன்கறிந்தவரைக் கைவிட்டது. 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பிடித்த பாம்பிலிருந்து நஞ்சை எடுத்து, அதனை மீண்டும் வெளியில் விட்டுவிடுவது அவர்களுடைய முறை. அந்த நஞ்சிலிருந்து செய்யும் மருந்து பாம்புக்கடிபட்டவர்களின் உயிரைக் காக்கிறது. கொன்று பிழைத்த தொழில், உயிர் காத்துப் பிழைக்கும் தொழிலாக மாறியது. காட்டை அறிந்தவரைக் காட்டிலிருந்து விலக்காமல், அவர் அறிவுக்கு மதிப்பும் கூலியும் தந்தால் என்ன விளையும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமா?

நண்பர்களே! தொண்டு செய்ய வேண்டும் என்னும் ஆவல் உங்கள் வயதில் இயல்பாக எழும். அந்த ஆவலுக்கு மூன்று கட்டுப்பாடுகள் வேண்டும் என்று சொல்வேன்.

முதலாவது, நிலத்தின் இயல்பை அறிதல். எங்கே வெட்டவெளி கண்டாலும் மரம் நட வேண்டும் என்று சிலர் எண்ணுகிறார்கள். புல்வெளியில் வாழும் உயிர்களுக்கு வெட்டவெளியே வீடு. ஆமை முட்டையிடும் மணலில் சவுக்கை நெருக்கி நட்டால் அதன் இடத்தை நாமே பறித்தவர்கள் ஆவோம். ஏரிக்குள் பரவிய சீமைக்கருவேலை அகற்ற வேண்டியதுதான். ஆனால் பறவைகள் கூடு கட்டியிருக்கும் காலத்தில் அரிவாளோடு இறங்கினால் அது தொண்டு ஆகாது. எதை நடுவது என்பதைவிட, எதைத் தொடாமல் விடுவது என்பதை அறிதல் கடினமான கல்வி.

இரண்டாவது, விடாமை. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஐந்நூறு பேர் கூடிக் குப்பை பொறுக்குவது நல்லதே. ஆனால் ஐந்து பேர் ஐந்நூறு நாள் ஏரிக்கரையைச் சுற்றி வருவது அதனினும் நல்லது. கரையில் துளை விழுவது விழா நாளில் அன்று. ஓர் ஏரியைத் தெரிந்தெடுத்து, அதன் நீர்மட்டத்தையும் பறவைகளின் வரவையும் வாரந்தோறும் குறித்துவரும் பள்ளி ஒன்று இருந்தால், பத்தாண்டுக்குப் பின் அந்தக் குறிப்பேடு விலைமதிப்பற்ற செல்வமாகும். எல்லையைச் சுருக்கலாமா என்ற கேள்வி எழும்போது விடை சொல்லவல்லது அதுவே.

மூன்றாவது, ஊரோடு ஒன்றுதல். நகரத்திலிருந்து செல்லும் தொண்டர் ஊராருக்குப் பாடம் சொல்லப் புறப்படுதல் கூடாது. மாடு மேய்க்கும் சிறுவனும், வலை உலர்த்தும் மூதாட்டியும், நீர்பாய்ச்சும் கிழவரும் அந்த நிலத்தைப் பற்றி அறிந்தவற்றை முதலில் கேளுங்கள். அவர்களுடைய மேய்ச்சலுக்கும் மீன்பிடிக்கும் இடையூறு செய்துவிட்டு நிலத்தைக் காத்தோம் என்று சொல்லிக்கொள்வது நிலைக்காது. அவர்களும் உடன் வந்தால், நீங்கள் திரும்பிச் சென்ற பின்னும் காவல் தொடரும்.

சென்னை மாநகரம் தெற்கே வளர்ந்துகொண்டே வருகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையின் இருமருங்கிலும் மதில்கள் எழுகின்றன. விளக்குகள் பெருகுகின்றன, ஏரிகளின் வரத்துக்கால்களில் வீட்டுமனைகள் முளைக்கின்றன. வளர்ச்சி வேண்டாம் என்று எவரும் சொல்லார். வீடும் வேலையும் எல்லாருக்கும் வேண்டும். ஆனால் 2015 டிசம்பரில் பெய்த பெருமழையின்போது நீர் தனக்குரிய பழைய இடங்களைத் தேடி வந்ததைச் சென்னையும் செங்கற்பட்டும் கண்டன. நாம் வெறும் நிலம் என்று எண்ணியது நீருக்கு விட்டுவைத்த இடம் என்பதை அன்று உணர்ந்தோம். உணர்ந்தது நினைவில் நிற்கிறதா என்பதே இப்போதுள்ள கேள்வி.

இருநூறு ஆண்டுகளுக்கு முன் வேடந்தாங்கல் மக்களிடம் செல்வம் இல்லை, செல்வாக்கும் இல்லை. துப்பாக்கி ஏந்தியவர்களுக்கு எதிரே அவர்களிடம் இருந்தவை இரண்டு: தம் நிலத்தைப் பற்றிய தெளிந்த அறிவு, அதற்காக ஆட்சியாளர் வாயிலில் சென்று நிற்கும் துணிவு. அவ்விரண்டும் இருந்ததால் அவர்கள் பெற்ற ஒரு சிறு எழுத்து இன்றுவரை பல்லாயிரம் கூடுகளைக் காத்து வருகிறது. உங்கள் ஊரிலும் ஓர் ஏரியோ, மேய்ச்சல்வெளியோ, மணல்மேடோ இருக்கும். அது யாருக்கு உரியது என்று கிராமக் கணக்கில் பாருங்கள். புறம்போக்கு என்று எழுதியிருந்தால், அது உங்களுக்கு உரியது என்று அறிந்துகொள்ளுங்கள். அதனைக் காக்கும் முறை வந்திருப்பதும் உங்களுக்கே.